கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து வெளிவிவகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் மலையகத்துப் பிள்ளைகளுக்கு இலங்கையின் வெளிவிவகாரக் கொள்கை ஒரு பாடம். அவர்களுடைய வீடுகளில் அது வேறு பெயர்களில் புழங்குகிறது: ‘சிறிமா–சாஸ்திரி’, ‘இந்தியன் வீடு’, ‘குவைத் காசு’, ‘டொலர் விலை’. பாடத்துக்கும் வீட்டுக்கும் இடையில் எழும் கேள்விகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை இங்கே பதில்களுடன் தரப்படுகின்றன.

வெளிவிவகாரம் கொழும்பில் இருப்பவர்களின் விடயம். மலையில் கொழுந்து பறிப்பவருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

இந்நாட்டில் வெளிவிவகாரக் கொள்கையால் மலையக மக்களைப் போல நேரடியாகத் தொடப்பட்ட சமூகம் வேறொன்றில்லை என்றே சொல்லலாம். இங்கே விளையும் தேயிலையின் பெரும்பங்கு கப்பலேறுகிறது. அதை வாங்குவோரில் முதல் வரிசையில் நிற்கும் ஈராக், ரஷ்யா, துருக்கி, ஈரான், லிபியா ஆகிய நாடுகளை எடுத்துக்கொண்டால், போர், பொருளாதாரத் தடை, நாணய வீழ்ச்சி என்ற மூன்றில் ஒன்றையேனும் அண்மைக் காலத்தில் காணாத நாடு அவற்றில் இல்லை. தேயிலைச் செடிக்குப் போடும் உரமும், காலையில் ரொட்டி சுடும் கோதுமை மாவுக்கான கோதுமையும் இறக்குமதியானவை. தோட்டத்தை விட்டு வெளியேறிய பெண்களில் கணிசமானோர் மேற்காசிய வீடுகளில் வேலை செய்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, யார் எந்த நாட்டுப் பிரஜை என்பதே இரண்டு பிரதமர்கள் புதுடில்லியில் இருந்து பேசித் தீர்த்த விடயமாக ஒரு காலத்தில் இருந்தது.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு உலக அரசியல் காரணமா, அல்லது அது உள்நாட்டு இனவாதத்தின் விளைவு மட்டும்தானா?

இரண்டும் சேர்ந்ததுதான். எனினும் பாடநூல்கள் இரண்டாவதைச் சொல்லும் அளவுக்கு முதலாவதைச் சொல்வதில்லை. எனவே அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அப்போதும் அதன் பின்னரும் நேருவின் நிலைப்பாடு ஓரளவு உறுதியாக இருந்தது. இலங்கையில் பிறந்து, அங்கேயே உழைத்து வாழ்பவர்கள் அந்நாட்டின் பொறுப்பு, தாமாக விரும்பி விண்ணப்பிப்பவர்களை மட்டுமே இந்தியா ஏற்கும் என்பதே அது. 1954 இன் நேரு–கொத்தலாவல ஒப்பந்தமும் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை.

1962 இல் நிலைமை மாறியது. சீனாவுடனான எல்லைப் போரில் இந்தியா தோல்வி கண்டது. அவ்வாண்டு டிசம்பரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, அமெரிக்க, சோவியத் அணிகள் இரண்டிலும் சேராத ‘அணிசேரா’ நாடுகளில் இலங்கை உட்பட ஆறைக் கொழும்பில் கூட்டி இரு தரப்புக்கும் இடையில் சமரசம் பேச முயன்றார். இலங்கை எந்தப் பக்கமும் சாயாமல் நடுவராக நின்றதை டில்லி எப்படிப் பார்த்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. வடக்கே ஒரு பகை நாடும் மேற்கே இன்னொன்றும் இருக்கையில், தெற்கே இருக்கும் சிறிய அயலவரையும் மனம் நோகச் செய்ய முடியாத நிலையில் இந்தியா இருந்தது. 1964 மே மாதத்தில் நேரு மறைந்தார். அதே ஆண்டு ஒக்டோபர் 30 இல், அவருக்குப் பின் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி சிறிமாவோவுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

கணக்கு இப்படிப் பிரிக்கப்பட்டது. மொத்தம் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம். அந்தப் ‘பின்னர்’ 1974 இல் வந்தபோது, இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அவர்களை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். மனிதர்களை இப்படி வட்டத் தொகையாகப் பிரித்த ஒப்பந்தங்கள் உலகில் மிகச் சிலவே இருக்கும். அச்சமூகத்தின் தலைவர்களிடம் கலந்து பேசாமலே முடிவு எடுக்கப்பட்டது. அதைச் சட்டமாக்கும் வேலையும் 1967 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பின்னரே நடந்தது.

அதன் பின்னர் நடந்தவை எல்லோருக்கும் தெரிந்தவை. கொழும்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் தலைமன்னாருக்குப் போன ரயில்கள், தமிழ்நாட்டுக் கரையில் அவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம், நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு நட்ட தேயிலைத் தோட்டங்கள். இங்கிருந்து போனவர் அங்கே ‘சிலோன்காரர்’ ஆனார், இங்கே எஞ்சியவர் ‘இந்தியாக்காரர்’ ஆகவே இருந்தார். போர்ச் சூழலில் 1984 இல் கப்பல் சேவை நின்றதும், இந்தியக் கடவுச்சீட்டுடன் புறப்படக் காத்திருந்த குடும்பங்கள் பயணமும் இல்லாமல் பிரஜாவுரிமையும் இல்லாமல் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே தங்கிவிட்டன. அவர்களுடைய நிலையைச் சீராக்க 1988 இலும், முடிவாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்திலும் வழி செய்யப்பட்டது. இமயத்து எல்லையில் நடந்த ஒரு மாதப் போரின் நிழல் நுவரெலியா மாவட்டத்தின் வாக்காளர் பட்டியலில் 40 ஆண்டுகள் விழுந்து கிடந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

‘அணிசேராமை’ என்று படிக்கிறோம். இலங்கை உண்மையாகவே அணிசேராமல் இருந்ததா?

பெயரளவில் இருந்தது, சில சமயங்களில் உண்மையாகவும் இருந்தது. ஆனால் அதற்கான துணிவு கொள்கையிலிருந்து வந்ததை விடக் கையிலிருந்த பொருளிலிருந்தே அதிகம் வந்தது.

1952 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்சியில் இருந்தது டட்லி சேனாநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி. கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்த கட்சி அது. திருகோணமலைத் துறைமுகத்திலும் கட்டுநாயக்க விமானத் தளத்திலும் பிரித்தானியப் படைகள் அப்போதும் இருந்தன. கொரியப் போர்க் காலத்தில் உச்சத்துக்குப் போன இறப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது, அரிசியோ உலகச் சந்தையில் கிடைக்கவில்லை. அமெரிக்காவிடம் இறப்பருக்கு நல்ல விலையும் அரிசிக்கு மலிவு விலையும் கேட்டுக் கிடைக்காத நிலையில், வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனாநாயக்க பீஜிங் சென்று ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தார். ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி வாங்குவதே அதன் சாரம். சீனாவுடன் அப்போது தூதுறவு கூட இல்லை, அது 1957 இல்தான் ஏற்பட்டது. கம்யூனிச நாடுகளுக்கு மூலப்பொருள் விற்போருக்கு உதவி இல்லை என்ற தன் சட்டத்தைக் காட்டி அமெரிக்கா உதவியை மறுத்தது. கொழும்பு அசையவில்லை, ஏனெனில் அதன் கையில் இறப்பர் இருந்தது, அது தேவைப்பட்ட ஒருவரும் எதிரில் இருந்தார்.

1963 இல் எண்ணெய்க் கம்பனிகளைத் தேசியமயமாக்கியதற்காக அமெரிக்கா மீண்டும் உதவியை நிறுத்தியது. 1965 இல் ஆட்சி மாறிய பின் அது திரும்பி வந்தது. 1976 ஓகஸ்டில் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு கொழும்பில் கோலாகலமாக நடந்தது. அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்தான் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்திருந்தன என்பதை இங்கே குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை. எண்ணெய் விலையும் உணவு விலையும் ஒருசேர உயர்ந்த உலக நெருக்கடியில் அரசு இறக்குமதியை இறுக்கியபோது, வயலோ கொல்லையோ இல்லாத தோட்ட மக்களுக்குக் கடை மாவைத் தவிர வேறு போக்கிடம் இருக்கவில்லை.

மலையகத்தில் வெளிநாட்டு உறவுகளைக் கண்ணால் காண ஏதாவது இடம் இருக்கிறதா?

அணைக்கட்டுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் அது கட்டப்பட்ட காலத்தில் இலங்கை யாருடன் நட்பாக இருந்தது என்பதைச் சொல்லும்.

1977 இல் ஜே. ஆர். ஜயவர்தன பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு மேற்கு நாடுகளின் பக்கம் திரும்பினார். அதன் பலனாக, மகாவலி ஆற்றில் அணைகள் கட்டும் துரித மகாவலித் திட்டத்துக்குப் பணம் கொட்டியது. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியாவும், கொத்மலைக்குச் சுவீடனும், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனியும் உதவின. அதே ஆட்சி மேற்கின் பக்கம் சாய்ந்ததைக் கண்ட இந்தியா எப்படி நடந்துகொண்டது என்பதும், 1987 ஜூலை 29 இன் இந்திய–இலங்கை ஒப்பந்தமும் வேறு கதை, இங்கே அதற்குள் போகவில்லை. தலவாக்கலையில் ‘மேல் கொத்மலை’ என்ற 150 மெகாவாட் நீர்மின் திட்டம் ஜப்பானியக் கடனில் எழுந்து 2012 இல் இயங்கத் தொடங்கியது. அதற்காக இடம் மாற்றப்பட்ட வீடுகளும் கடைகளும் இன்று புதிய ஊராகிவிட்டன.

உமா ஓயா நீர்மின் திட்டம் வேறு விதமான சாட்சி. 2008 இல் போர் உச்சத்தில் இருந்தது. மேற்கு நாடுகள் மனித உரிமை பற்றிக் கேள்வி கேட்டன, கொழும்பு கேள்வி கேட்காத நண்பர்களைத் தேடியது. அவ்வாண்டு ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி அகமதிநெஜாத் வந்தார், ஈரானியக் கடனில் ஈரானிய நிறுவனம் கட்டும் திட்டமாக உமா ஓயா தொடங்கியது. பின்னர் ஈரான் மீதான தடைகள் இறுகி அங்கிருந்து பணம் வருவது தடைப்பட்டபோது, செலவின் பெரும்பகுதியை இலங்கையே சுமக்க நேர்ந்தது. 2014 இன் இறுதியிலிருந்து சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்து, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 இல் மக்கள் வீதிக்கு வந்தார்கள். 120 மெகாவாட் திட்டத்தை 2024 ஏப்ரல் 24 இல் ஈரான் ஜனாதிபதி ரைசி நேரில் வந்து திறந்து வைத்தார். அமெரிக்காவுடன் சேர்ந்து செங்கடலுக்குக் கடற்படைக் கப்பல் அனுப்புவதாக அறிவித்து நான்கு மாதங்கள் கூட ஆகாத நேரம் அது. அமெரிக்காவும் ஈரானும் எதிரெதிராக நின்ற ஒரு காலத்தில் இரு பக்கமும் முகம் காட்டிய இந்த நடையைச் சிலர் சாமர்த்தியம் என்கிறார்கள், சிலர் தடுமாற்றம் என்கிறார்கள். வற்றிய கிணற்றுக்குச் சொந்தக்காரரிடம் கேட்டால் மூன்றாவது சொல் ஒன்று கிடைக்கும்.

தேயிலை வாங்கும் நாடுகள் நம் கொள்கையைத் தீர்மானிக்கின்றனவா?

தீர்மானிக்கின்றன என்பதை விட, எல்லை போடுகின்றன என்று சொல்வது சரி. இதற்கு 2017 டிசம்பரில் நடந்ததை விடத் தெளிவான உதாரணம் கிடையாது. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடு உடலுக்குத் தீங்கானது என்பதால் 2018 முதல் அதன் இறக்குமதியைத் தடை செய்வதாக அரசு அறிவித்திருந்தது. உலகில் அஸ்பெஸ்டஸை மிக அதிகமாகத் தோண்டி விற்கும் நாடு ரஷ்யா. டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் தானியத்தைக் கெடுக்கும் கப்ரா வண்டு காணப்பட்டதாகக் கூறி, ரஷ்யா நம் தேயிலையை இடைநிறுத்தியது. கொழும்பு அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிப்போட்டது. ஆண்டு முடியும் முன்னரே ரஷ்யா தன் தடையை நீக்கியது. ஒரு வண்டுக்கு இவ்வளவு அரசியல் தெரியும் என்று அதுவரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஈரானுடனான பண்டமாற்று இன்னொரு வகை. சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்கு ஏற்றபடி அமைக்கப்பட்டது. 2012 இல் அமெரிக்கத் தடைகளால் அந்த இறக்குமதி நின்றதுடன், வாங்கிய எண்ணெய்க்கான 25 கோடி டொலருக்குச் சற்று அதிகமான கடனை அடைக்கவும் வழியில்லாமல் போயிற்று. வங்கி வழியே டொலர் அனுப்ப முடியாது. எனவே மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பிக் கடனைக் கழிப்பதென 2021 டிசம்பரில் இணக்கம் காணப்பட்டது. ஏற்றுமதியாளருக்கு இங்கே ரூபாயில் பணம் கிடைக்கும். தடையையும் மீறாமல், கடனையும் மறுக்காமல், சந்தையையும் இழக்காமல் செய்த ஏற்பாடு என்பதால், அண்மைக்கால வெளிவிவகார முடிவுகளில் இதை நல்லதொன்றாகவே நான் மதிப்பிடுகிறேன்.

இங்கே ஒரு திருத்தம் தேவை. மேற்காசியாவும் ரஷ்யாவும் விரும்பி வாங்குவது பெரும்பாலும் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை. நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேற்பட்டது அதுவே. அதை விளைவிப்போரில் பெரும்பாலானோர் சிங்களச் சிறுதோட்டக்காரர்கள். ஆகவே மொஸ்கோவில் இருமினால் ஹட்டனுக்கு உடனே காய்ச்சல் வரும் என்று நினைப்பது சரியல்ல. ஆனால் கொழும்பு ஏலத்தில் விலை விழுந்தால் எல்லா மலைக்கும் அது வந்து சேரும்.

இந்தியாவா, சீனாவா? இலங்கை யாருடைய பக்கம்?

இரு பக்கமும் கடன் வாங்கிய ஒருவரிடம் ‘நீ யார் பக்கம்’ என்று கேட்பது போன்ற கேள்வி இது. ஹம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017 இல் 112 கோடி டொலருக்கு 99 ஆண்டுகள் சீன நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போனது. 2021 இல் கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் தருவதாக இருந்த உடன்பாட்டைக் கைவிட்டு, பின்னர் மேற்கு முனையத்தை இந்தியத் தரப்புக்கு வழங்கினார்கள். 2022 ஓகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பல் வந்தபோது, முதலில் அனுமதித்து, இந்தியா ஆட்சேபித்ததும் தள்ளிப்போடச் சொல்லி, கடைசியில் விட்டார்கள். இதற்கு ஒரு முடிவு கட்ட 2024 முழுவதும் எந்த நாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் இடமில்லை என்று அறிவித்தார்கள். யாருக்கும் இல்லை என்பதுதான் யாரையும் பகைக்காத பதில்.

சீனா கடன் கொடுத்து நாட்டைச் சிக்கவைத்தது என்று பொருள்படும் ‘சீனக் கடன் பொறி’ என்ற சொற்றொடரை மாணவர்கள் விடைத்தாளில் எழுதும்போது சற்று நிதானிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்த வேளையில், நாட்டை அதிகம் நெருக்கியது சீனக் கடனை விட மேற்கு நாட்டுச் சந்தைகளில் அரசு விற்ற கடன் பத்திரங்களான இறைமைப் பிணைமுறிகளே. சீனாவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஆனால் நெருக்கடியில் யார் எப்படி நடந்தார்கள் என்பது வேறு விடயம். அவ்வாண்டு இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவுக்கு உதவியது. சர்வதேச நாணய நிதியத்தின் கிட்டத்தட்ட 300 கோடி டொலர் திட்டத்துக்குத் தேவையான, கடனை மறுசீரமைக்க இணங்கும் உத்தரவாதத்தை 2023 ஜனவரியில் முதலில் கொடுத்ததும் இந்தியாதான். சீனாவிடமிருந்து போதுமான கடிதம் வர மார்ச் ஆனது. 2024 டிசம்பரில் ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க தம் முதல் வெளிநாட்டுப் பயணமாக டில்லி சென்று, இலங்கை மண் இந்தியாவுக்கு எதிராகப் பயன்பட இடமளிக்க மாட்டோம் என்றார். அடுத்த மாதம் பீஜிங் சென்றார். ஒரு காலத்தில் இந்திய எதிர்ப்பை வகுப்பெடுத்துப் போதித்த மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) தலைவர் அவர். கட்சியின் பழைய கொள்கையை விடத் திறைசேரியின் நிலை வலிது என்பதை இது காட்டுகிறது.

அப்படியானால் சிறிய நாட்டுக்குத் தெரிவு என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அதன் அகலம் மாறிக்கொண்டே இருக்கும். 1952 இல் இறப்பர் இருந்ததால் வல்லரசொன்றின் பேச்சை மறுக்க முடிந்தது. 2022 ஜூனில், நீதிமன்ற உத்தரவால் ரஷ்ய விமானமொன்று கட்டுநாயக்கவில் நிறுத்தப்பட்டபோது, ரஷ்யா சீறியது, சில நாட்களில் விமானம் பறந்தது. எரிபொருளுக்கு எல்லா வாசலையும் தட்டிக்கொண்டிருந்த அரசுக்கு வேறு வழி இருந்திருக்கும் என்று சொல்ல முடியவில்லை. உக்ரைன் போர் பற்றிய ஐ.நா. வாக்கெடுப்பில் இலங்கை நடுநிலை வகித்ததையும் இந்தக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். தேர்ந்த இராஜதந்திரி ஒருவர் இருக்கிற இடத்துக்குள் நன்றாக நடப்பார். இடத்தைப் பெரிதாக்குவது ஏற்றுமதியும் கையிருப்பும்தான்.

இந்தியா மலையகத்தில் வீடு கட்டித் தருவது பாசத்தாலா, அரசியலாலா?

இரண்டையும் பிரித்துப் பார்ப்பதால் வீட்டுக்காரருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தாலும் கேள்வி நியாயமானது. 50,000 வீடுகள் கொண்ட இந்திய மானியத் திட்டத்தில் மலையகத்துக்கு 4,000 வந்தது. 2017 மே மாதத்தில் நரேந்திர மோடி நோர்வூட்டில் பேசியபோது மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அதே பயணத்தில் டிக்கோயா மருத்துவமனையும் திறக்கப்பட்டது. மக்கள் குடியேறி 200 ஆண்டு நிறைவடைந்த 2023 இல் 75 கோடி இந்திய ரூபாய்க்கான உதவித் திட்டமும் அறிவிக்கப்பட்டது. நெடுஞ்சாலையும் துறைமுகமும் கட்டும் சீனாவுடன் அந்தக் களத்தில் மோதுவதை விட, மக்களுடன் நேரடியாக உறவு கொள்வது இந்தியாவுக்குச் செலவு குறைந்த வழி.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. மலையக மக்களின் வீடு, காணி, பாடசாலை ஆகியவை இலங்கை அரசின் கடமை. டில்லி கொடுக்கிறது என்பதற்காகக் கொழும்பு தன் கடமையிலிருந்து விலகினால், ‘நீங்கள் அவர்கள் ஆட்கள்தானே’ என்ற பழைய பேச்சுக்குப் புதிய கூரை போட்டதாகிவிடும்.

டொலர் விலை ஏறினால் தேயிலைக்கு நல்லதுதானே? நம் சம்பளத்துக்கு அது ஏன் வரவில்லை?

தேயிலை விற்பது டொலரில், சம்பளம் கொடுப்பது ரூபாயில். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது ஒரு டொலர் சுமார் 200 ரூபாய், ஆகவே அது 5 டொலர். 2022 நடுப்பகுதியில் டொலர் 360 ஆனபோது அதே 1,000 ரூபாய் 3 டொலருக்கும் குறைந்தது. 2024 இல் சம்பளம் 1,350 ரூபாய் ஆகியது. டொலர் 300 என்று வைத்துக் கணக்குப் போட்டால் அது நாலரை டொலர். மூன்று ஆண்டுப் போராட்டத்துக்குப் பின்பும் பழைய ஐந்தைத் தொடவில்லை. மாவும் மருந்தும் மண்ணெண்ணெயும் டொலருடன் ஏறின.

கம்பனிகள் தம் பக்கம் சொல்லும் கணக்கும் முழுப் பொய்யல்ல. 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததால், அவ்வாண்டு ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி அடுத்த ஆண்டு 25 கோடிக்கு விழுந்தது. தடைக்கு மாற்றாகச் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையில் தீங்கான பக்ரீறியா இருப்பதாக நம் தாவரத் தொற்றுக்காப்பு அதிகாரிகள் கண்டறிந்து கப்பலைத் திருப்பினார்கள். சீனத் தூதரகம் நம் அரச வங்கியொன்றைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில், இறக்காத பசளைக்கு 60 இலட்சம் டொலருக்கு மேல் செலுத்தினோம். நாட்டில் மருந்துக்கு டொலர் இல்லாமல் போவதற்குச் சில மாதங்களே இருந்தன.

மேற்காசியாவில் வேலை செய்யும் நம்மவர்கள் கொள்கையில் ஒரு பொருட்டா?

பெரும் பொருட்டு. 2024 இல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அனுப்பிய பணம் 650 கோடி டொலரைத் தாண்டியது. அதே ஆண்டின் தேயிலை வருமானத்தைப் போல நாலு மடங்குக்கு மேல். 1988 இலேயே பலஸ்தீனத்தை அங்கீகரித்த இலங்கை ஐ.நா.வில் அதற்காக வாக்களிக்கிறது. காஸா போர் நடந்துகொண்டிருக்கையிலேயே இஸ்ரேலின் விவசாயப் பண்ணைகளுக்கு ஆட்களையும் அனுப்பியது. மேற்காசிய வீடுகளில் நம் பணிப்பெண்கள் துன்புறுத்தப்படும்போது கொழும்பின் குரல் ஏன் தாழ்ந்து ஒலிக்கிறது என்பதற்கும் விடை இந்தத் தொகைதான்.

அமெரிக்கா 2025 இல் அறிவித்த இறக்குமதி வரிகள் மலையகத்தைத் தொடுமா?

தேயிலையை விட ஆடைத் தொழிலைத்தான் அதிகம் தொடும். 2025 ஏப்ரலில் 44 வீதம் என்று அறிவித்து, பேச்சுவார்த்தைக்குப் பின் 30 ஆக்கி, ஓகஸ்டில் 20 ஆக்கினார்கள். கட்டுநாயக்கவிலும் பியகமையிலும் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டால் பாதிப்பின் முகவரி புரியும்.

புதிய ஒப்பந்தம் பற்றிச் செய்தி வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

கைகுலுக்கும் படத்தைத் தாண்டி நாலு விடயங்களைப் பாருங்கள். அது மானியமா, கடனா? கடன் என்றால் எந்த நாணயத்தில், எத்தனை ஆண்டில்? பணம் தருபவர் மீது நாளை தடை வந்தால் வேலையை முடிப்பது யார்? உமா ஓயாவில் இதை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. நாலாவது, அந்த ஊரில் இருப்பவர்களிடம் கையெழுத்துக்கு முன்னரே கேட்டார்களா, 1964 ஐப் போலப் பின்னர் அறிவித்தார்களா? இந்த நாலாவது கேள்வியைப் பாராளுமன்றத்தில் எழுப்புவதற்கு உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினருக்கு உரிமை இருக்கிறது. அதை எழுப்பினாரா என்பதைப் பாராளுமன்ற உரைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட்டில் பார்த்துக்கொள்ளலாம், அது தமிழ் உரைகளையும் அப்படியே அச்சிடுகிறது.